முதல் ஸ்வெட்டர் – கடிதம்

அன்புள்ள அக்கா,

தில்லிக்கு வந்த பிறகுதான் ஊசியும் உல்லனும் கையில் எடுத்தேன். குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்புப் பெண்கள் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து பின்னுவார்கள். அவர்களைப் பார்த்து இரண்டு மஃப்ளர் பின்னிவிட்டேன். இப்போது அப்பா எங்களோடு இருக்கிறார். இந்த ஊர்க் குளிர் அவருக்குத் தாங்கவில்லை. அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆசை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "முதலில் குழந்தை ஸ்வெட்டர் பின்னு, பெரியவர்களுக்கு அப்புறம்" என்கிறார். அவர் முன்பக்கம், பின்பக்கம், கைகள் என்று தனித்தனியாகப் பின்னித் தைப்பவர். நான் இணையத்தில் எடுத்த அமெரிக்கப் பேட்டர்ன் கழுத்தில் தொடங்கி ஒரே துண்டாகக் கீழே இறங்குகிறது. அதில் 8 நம்பர் ஊசி என்று இருக்கிறது. இங்கே கடையில் 8 நம்பர் வாங்கிப் பின்னினால் துணி அட்டை மாதிரி விறைக்கிறது. கருநீல அக்ரிலிக் நூல் இரண்டு உருண்டை வாங்கி வைத்திருக்கிறேன். தொடங்கலாமா, இல்லை அவசரப்படுகிறேனா?

க., புது தில்லி

அன்புள்ள க.,

தொடங்குங்கள். அப்பாவுக்கே பின்னுங்கள். குழந்தை ஸ்வெட்டர் சீக்கிரம் முடியும் என்பதால் ஆன்ட்டி அப்படிச் சொல்கிறார், அதில் நியாயம் உண்டு. ஆனால் முதல் ஸ்வெட்டர் பெரும்பாலும் பாதியில் நிற்பது கஷ்டத்தால் அல்ல, சலிப்பால். வீட்டிலேயே ஒருவர் குளிரில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பாதியில் விட உங்களுக்கு மனம் வராது. மஃப்ளர் பின்னிய கைக்குப் புதிதாகப் பழக வேண்டியது அதிகமில்லை. கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை, கூட்டுவது, குறைப்பது, வட்டமாகப் பின்னுவது, அவ்வளவுதான்.

ஊசி விஷயத்தில் உங்கள் கையில் எந்தக் குறையும் இல்லை. நம் கடைகளில் வழங்கும் நம்பர் பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கு நேர் எதிர், நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மி.மீ. இரண்டும் ஒரே எண், நடுவில் முழுதாக ஒரு மில்லிமீட்டர். அதனால்தான் துணி விறைத்தது. இனி நம்பரை விட்டுவிடுங்கள், மி.மீ. மட்டும் பாருங்கள். 5 மி.மீ. வட்ட ஊசி, நடுவில் நீளமான வயர் உள்ளது, ஒன்று வாங்குங்கள்.

வாங்கியதும் ஸ்வெட்டரைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் ஒரு மாதிரிச் சதுரம். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள், எனக்கு இதில்தான் பிடிவாதம். ஒரு பக்கம் 15 செ.மீ. வரும்படி பின்னுங்கள், ஸ்வெட்டரைத் துவைக்கப்போகும் விதத்திலேயே துவையுங்கள், தொங்கவிடாமல் விரித்துக் காயவையுங்கள். பிறகு ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி நிற்கிறது என்று எண்ணுங்கள். பேட்டர்ன் 18 என்று சொல்லி, உங்களுக்கு 16 வந்தால் இரண்டுதானே என்று தோன்றும். உடம்புக்கு 180 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டர்ன் எழுதியவர் கையில் அது 100 செ.மீ. சுற்றளவு. உங்கள் கையில் 112 செ.மீ.க்கும் மேலே போய்விடும். மஃப்ளர் நாலு விரல் அகலம் கூடினாலும் மஃப்ளர்தான். ஸ்வெட்டர் அப்படி இல்லை.

அந்த 16 என்பது தப்பான எண்ணும் அல்ல. ஒவ்வொருவர் கையும் நூலை ஒரு இறுக்கத்தில் பிடிக்கும், அதை வலிந்து மாற்றினால் விரல்தான் வலிக்கும். ஒன்று, ஊசியை மாற்றி 18-க்கு வாருங்கள். இல்லையென்றால் உங்கள் எண்ணை வைத்துக்கொண்டு கணக்கை மாற்றுங்கள். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) இதற்கு ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறார். உடம்பின் சுற்றுக்கு வரும் கண்ணிகளை நூறு சதவீதம் என்று வைத்து, மற்றதெல்லாம் அதன் பங்காகக் கணக்கிடுவது. 100 செ.மீ. சுற்றுக்கு உங்கள் 16-ன்படி 160 கண்ணி. கழுத்துக்கு அதில் 40 சதவீதம், அதாவது 64. மணிக்கட்டுக்கு 20 சதவீதம், 32. அவரால்தான் எத்தனையோ பேர் பேட்டர்னுக்குப் பயப்படாமல் பின்னுகிறார்கள். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

100 செ.மீ. எங்கிருந்து வந்தது? அப்பாவின் மார்பளவு 92 என்றால், சட்டைக்கு மேல் போட ஒரு 8 செ.மீ. கூடுதல். இதைவிட நல்ல வழி, அவருக்குப் பிடித்த பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கட்டிலில் விரித்து, அக்குள் முதல் அக்குள் வரை அளந்து இரட்டிப்பது. உயரமும் கையின் நீளமும் அதிலேயே கிடைத்துவிடும்.

ஆன்ட்டி முறையா, பேட்டர்ன் முறையா என்பது அடுத்தது. துண்டு துண்டாகப் பின்னித் தைத்தால் தோள் நன்றாக நிற்கும், சீக்கிரம் தொய்யாது. ஆனால் தையல் ஒரு தனி வித்தை. கழுத்திலிருந்து இறங்கினால் பின்னப் பின்ன அப்பாவுக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், எங்கே நிறுத்துவது என்பதை அவர் உடம்பே சொல்லிவிடும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒன்றே ஒன்று, ஆன்ட்டி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரத் தயார் என்றால் அவர் முறையிலேயே பின்னுங்கள். கண்ணி நழுவும் நேரத்தில் அருகில் இருக்கும் ஒரு பழகிய கைக்கு எந்த வீடியோவும் ஈடாகாது.

பிரிக்க வேண்டி வரும். வரட்டும். சில வரிசைக்கு ஒரு முறை, தையல் ஊசியில் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி வையுங்கள். பிரித்தால் அந்த இடத்தில் நின்றுகொள்ளும். பிரிட்டனின் கடற்கரை மீனவர்கள் அணிந்த கேன்ஸி ஸ்வெட்டர்களில் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கித்தான் பின்னினார்கள். முனை நைந்தால் அங்கிருந்து பிரித்து மறுபடி பின்னலாம் என்பதற்காக. உங்கள் மொட்டைமாடியிலும் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் வளர வளரப் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, புது நூல் சேர்த்துப் பெரிதாகப் பின்னியவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

நூல் பற்றி. இரண்டு உருண்டை போதாது. 100 கிராமுக்கு 200 மீட்டர் வரும் நடுத்தர நூல் என்றால் 100 கிராம் உருண்டை ஆறேழு பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், லேபிளில் சாய லாட் நம்பர் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். லாட் மாறினால் வயிற்றுக்கு நடுவே நிறம் மாறித் தெரியும். அக்ரிலிக் பரவாயில்லை, துவைக்கச் சுலபம். இஸ்திரி மட்டும் போடக் கூடாது, சூட்டில் இழை துவண்டால் திரும்ப எழாது. ஆனால் கருநீலம் வேண்டாமே. விளக்கு வெளிச்சத்தில் அதில் கண்ணியைத் தேடுவது பெரும்பாடு. சாம்பல், வெளிர்நீலம் ஏதாவது பாருங்கள். அப்பாவையே கடைக்கு அழைத்துப் போய் நிறத்தை அவரிடம் விட்டுவிடலாம்.

சதுரம் காய்ந்ததும் உங்கள் எண்ணையும், பழைய ஸ்வெட்டரின் அளவையும் எழுதுங்கள். கழுத்துக் கண்ணிகளை முன், பின், இரண்டு கை என்று எப்படிப் பிரிப்பது என்பதை அந்த எண்களை வைத்தே எழுதுகிறேன்.