உல்லன் யார் வீட்டுச் சொல்?

கேள்வி: கடைகளில் விற்கும் 'உல்லன்' நூலின் பெயர் தூய தமிழ் என்றும், அதிலிருந்தே ஆங்கிலேயர் 'வுல்' என்ற சொல்லைப் பெற்றனர் என்றும், கம்பளியும் நம் சொல்லே என்றும் எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் முழங்கினார். உண்மையா?
– ஈரோட்டு வாசகர்

பதில்: மூன்றும் தவறு. 'வுல்லன்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம் கடைத்தெருவில் வகரம் உதிர்ந்து உல்லனாயிற்று. பேச்சாளர் பேரனைப் பாட்டனாக்கிவிட்டார்.

ஒலி ஒத்திருப்பதாலேயே சொற்கள் உறவாகிவிடுவதில்லை. ஆங்கில வுல், லிதுவேனிய வில்னா, இலத்தீன் லானா, சமஸ்கிருத ஊர்ணா ஆகியவை ஒரே மூலத்தில் கிளைத்தவை. காதுக்கு லானாவும் ஊர்ணாவும் சற்றும் ஒட்டாவிட்டாலும், பல சொற்களில் ஒரே ஒழுங்காக நிகழ்ந்திருக்கும் ஒலித்திரிபு அவற்றின் உறவைக் காட்டிக்கொடுக்கிறது. நமக்குப் பழக்கமான பூர்ணத்தையே பாருங்கள். சமஸ்கிருதத்தில் 'பூர்ண' என வருவது லிதுவேனியத்தில் 'பில்னஸ்', ஆங்கிலத்தில் 'ஃபுல்'. அதே வாய்பாட்டில்தான் ஊர்ணா, வில்னா, வுல் என்னும் வரிசையும் அமைகிறது: மூலத்தில் இருந்த 'ல்ன' என்னும் ஒலிக்கூட்டை லிதுவேனியம் காத்துக்கொள்ள, சமஸ்கிருதம் அதை 'ர்ண' ஆக்கியது, ஆங்கிலத்தின் மூதாதை மொழி 'ல்ல' ஆக்கியது. இந்தியில் கம்பளி இழையைக் குறிக்கும் 'ஊன்' இந்த ஊர்ணாவின் தேய்வே. நாம் உண்ணும் ஊனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கம்பளி வேறு வழியில் வந்தது. 'கம்பலம்' அதர்வ வேதத்திலேயே உண்டு. புத்தர் காலத்துப் பொருள்முதல்வாதி ஒருவர் மயிர்ப் போர்வை அணிந்ததால் அஜித கேசகம்பலி என அழைக்கப்பட்டார். இந்தியின் கம்பல், கன்னடத்தின் கம்பளி, நம் கம்பளம் எல்லாம் அச்சொல்லின் வழியில் வந்தவை. பழந்தமிழில் 'கம்பலை' என்றொரு சொல் இருக்கிறதே என்று பேச்சாளர் மேற்கோள் தேடக்கூடும். அது ஆரவாரத்தைக் குறிப்பது என்று தொல்காப்பியம் சொல்கிறது. கூட்டத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா என்றால், இருந்தது. புகார் நகரத்து நெசவாளரைச் சொல்லும் சிலப்பதிகாரம் 'பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்' என்று மூன்று இழைகளையும் அடுக்குகிறது. அந்த மயிரை இன்று வசைச்சொல்லாக்கிவிட்டு 'உரோமம்' என்று நாகரிகம் பேசுகிறோம். விலங்கின் மேல் வளர்வது முடியானாலும் கம்பளியானாலும் மயிர் என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்ததில் வியப்பில்லை. மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல் போன்ற நம் செம்மறி இனங்களுக்கு உடலில் குட்டை முடிதானே தவிர, கத்தரித்து நூற்கும் அடர்ந்த கம்பளி கிடையாது. நீலகிரிச் செம்மறி இதற்கு விலக்கு.

இன்னொன்று. பின்னுவதற்கு நாம் வாங்கும் உல்லன் நூலில் பெரும்பாலும் ஆடே கிடையாது. அது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் முடி கருகும் நாற்றமடித்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். அக்ரிலிக்கானால் உருகிக் கெட்டியான கருமணியாகத் திரளும்.