பதினோரு மணி வெயிலை உள்ளே விடுங்கள்

கேள்வி: கணவருக்குப் பணி மாற்றல் வந்து ஜூலையில் மதுரையிலிருந்து ஊட்டிக்குக் குடிவந்தோம். இரண்டு பிள்ளைகள், பத்து வயதும் ஆறு வயதும். மழையைச் சமாளித்துவிட்டோம், இந்தக் குளிர்தான் படுத்துகிறது. ராத்திரி படுத்தால் படுக்கை ஈரத்துணி மாதிரி இருக்கிறது. இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. பேக்கரியில் ஆசையாக வாங்கும் மொறுமொறு வர்க்கி மறுநாளே நமத்துப்போகிறது. சேலைமேல் ஸ்வெட்டர் போட்டால் மூட்டை மாதிரி இருக்கிறேன். அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய தீபாவளி மலர்களை இங்கே உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம் என்று கொண்டுவந்தேன், ஓரமெல்லாம் வெள்ளை பூத்து ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. கரி அடுப்பு மூட்டி ராத்திரி அறைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் வீட்டு ஓனர். ஊரே குளிரை அனுபவிக்க இங்கே வருகிறது. நாங்கள் எப்போது அனுபவிப்பது?

பதில்: கரி அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் தாமதமானாலும் குடி முழுகாது, இது அப்படியில்லை. மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை, கண்ணும் எரியாது. புகையெல்லாம் அடங்கி, கரி செக்கச்செவேலென்று பிடித்துக்கொண்ட பிறகும் அது வந்துகொண்டுதான் இருக்கும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. மலை ஊர்களில் அறைக்குள் கரி வைத்துப் படுத்து, காலையில் எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றி நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ‘ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்தால் போதும்’ என்பார்கள், அந்தச் சமரசமும் வேண்டாம். வாசலில் மூட்டிச் சுற்றி உட்காருங்கள், அது சுகம்தான். அடுப்பு மட்டும் நிலைப்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதற்கும் இதே பயம் வேண்டும். அதை வெளியே மாற்றச் சொல்லுங்கள், அதுவரை வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதீர்கள்.

சரி, இப்போது குளிர். நீங்கள் எழுதியதில் படுக்கை, வர்க்கி, தீபாவளி மலர் மூன்றையும் கெடுத்தது குளிர் இல்லை, ஈரம். குளிரைத் தடுக்கிறோம் என்று நாமே வீட்டுக்குள் பூட்டி வைத்த ஈரம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அதையே செய்தவள்தான். கல்லூரியில் மனையியல் பாடம் நடத்த ஊட்டிக்கு வந்த முதல் டிசம்பரில் ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் திணித்து, துவைத்த துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு உடுத்த பீரோவைத் திறந்தால், கல்யாணப் பட்டின் மடிப்பில் சாம்பல் தூவினாற்போல் பூஞ்சை. பக்கத்து வீட்டுப் படகர் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “பதினோரு மணி வெயில வீட்டுக்குள்ள விடலன்னா ஜன்னல் எதுக்குக் கண்ணு?” என்றார். பாடப்புத்தகத்தில் நான் நடத்திக்கொண்டிருந்த விஷயம்தான் அது.

ஐஸ் தண்ணீர் நிரப்பிய சொம்பின் வெளிப்புறம் வேர்க்கிறதே, உங்கள் வீட்டுச் சுவரிலும் அதுதான் நடக்கிறது. சமையல் ஆவி, குளியலறை ஆவி, ஈரத்துணி, நான்கு பேர் மூச்சு என்று அறைக்காற்றில் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி வெளிச்சுவர் சில்லிட்டதும் அந்த ஈரம் அதில் படிந்துவிடும். சுவரை ஒட்டிய கட்டில், சுவரை ஒட்டிய புத்தக அலமாரி இரண்டும் அதைக் குடிக்கும்.

இந்த ஈரத்தை விரட்ட ஊரே உங்களுக்கு ஒரு வசதி தருகிறது. மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரியில்தான் தரைச்சூடு மேலே போய்விட, நீர்ப்பனி உறைபனியாகிறது. அதே வெறும் வானம்தான் மறுநாள் பகலில் பளீரென்று வெயிலையும் தருகிறது. தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் பூஜ்யத்தைத் தொட்ட ராத்திரிக்கு அடுத்த நாள் பகலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்காரலாம். ஆகவே பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மூன்றரைக்குள் மூடித் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். துணி வெளியே காயட்டும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பத்து நாளில் வீட்டு வாடையே மாறிவிடும்.

படுக்கையில் எல்லாரும் மேலே ரஜாய் மேல் ரஜாய் போடுகிறார்கள். குளிர் கீழிருந்தும் வரும். மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு கம்பளியோ கனமான ஜமுக்காளமோ போட்டுப் பாருங்கள், மேலே ஒன்று குறைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்த உடனே போர்வையை மடித்து வைக்காதீர்கள். ராத்திரி முழுக்க உடம்பிலிருந்து வந்த ஈரம் அதில்தான் இருக்கிறது. உதறிப் போட்டு, வெயில் வந்ததும் ஒரு மணி நேரம் காட்டி, பிறகு மடியுங்கள். படுக்கப் போகும் கால்மணி முன்னால் ஹாட் வாட்டர் பேக்கில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெந்நீர் ஊற்றி, காற்றை அழுத்தி எடுத்து மூடி, துண்டு சுற்றிக் கால் வைக்கிற இடத்தில் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் படுக்கும்போது அதை எடுத்துவிட வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அப்படியே.

ரூம் ஹீட்டர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாங்கலாம், கணக்குத் தெரிந்து வாங்குங்கள். 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட்டை ஹீட்டர் ஒன்றே தின்றுவிடும். ஹாட் வாட்டர் பேக்குக்கு ஒரு குண்டான் வெந்நீர் போதும்.

அடுப்படிக்கு வருவோம். மாவு பொங்காதது மட்டும் குளிரின் வேலைதான், உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. மாவைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்கு 28, 30 டிகிரி வேண்டும். உங்கள் சமையலறை ராத்திரியில் பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் போடுங்கள். பொங்கிய பழைய மாவு ஒரு கரண்டி இருந்தால் கலந்து, கையால் நன்றாகக் கரையுங்கள். பிறகு வீட்டைச் சூடாக்க வேண்டாம், மாவுக்கு மட்டும் ஒரு சின்ன மதுரையை உண்டாக்கினால் போதும். பெரிய தெர்மகோல் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டு சுற்றி வைத்து மூடுங்கள். படுக்கும் முன் ஒருமுறை வெந்நீரை மாற்றினால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அரைத்த மாவில் பாதியை மட்டும் இப்படி வையுங்கள், மீதியைக் குளிரிலேயே விட்டால் கெடாது. ஃப்ரிட்ஜ் தனக்கு ஏன் இங்கே வேலை என்று கேட்கும்.

பருப்பு வேகவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிச்சயம் கவனித்திருப்பீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு கல்லாகவே கிடக்கிறது. குக்கரிலும் மதுரையில் மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து. கொண்டைக்கடலையை வெந்நீரில் ஊறப்போடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிவிடும், தேன் பூத்துவிடும். இரண்டுமே கலப்படம் இல்லை, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும். ஆனால் கேஸ் தீருகிற சமயத்தில் தணல் சோர்ந்தால் சிலிண்டருக்கு அந்த வைத்தியம் செய்யக்கூடாது. வெந்நீர் ஊற்றுகிறவர்களை இங்கே பார்த்திருக்கிறேன், அது ஆபத்து.

இன்னொன்று. எவர்சில்வர் தட்டு ராத்திரியெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும். அதில் வெண்பொங்கலை வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் இறுகிவிடும். தட்டை வெந்நீரில் அலசித் துடைத்து அதன்மேல் பரிமாறுங்கள். மிளகு வாசனை மேலே எழும்ப, நெய் உருகியபடியே கடைசிக் கவளம் வரை இருக்கும்.

வர்க்கியை பேக்கரிக்காரர் தருகிற பிளாஸ்டிக் பையிலேயே வைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது அடுக்கடுக்காக, நடுவில் காற்றோடு வெந்த பண்டம், ஈரத்தை இழுக்கும். வாங்கி வந்ததும் இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவுக்கு மாற்றுங்கள். நமத்ததைத் தூக்கிப் போடாதீர்கள். வெறும் தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, வர்க்கியைப் பரப்பி மேலே ஒரு தட்டைச் சாய்த்தாற்போல் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து ஆறவிடுங்கள். சூட்டோடு கடித்தால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். எடுத்து உடைத்தால் செதில் செதிலாக மடியில் உதிர வேண்டும், அதுதான் பதம்.

அதற்குத் தொட்டுக்கொள்ள டீ. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கிற நீலகிரித் தேயிலைக்குத் தனி மவுசு உண்டு. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசனை கூடும், ‘ஃபிராஸ்ட் டீ’ என்றே விற்பார்கள். அதை மட்டும் பால், இஞ்சி, ஏலக்காய் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். கொதித்த தண்ணீரில் இலையைப் போட்டு நாலைந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டிக் குடியுங்கள். இஞ்சி டீதான் வேண்டும் என்றால் சாதாரண டஸ்ட் டீ போதும், எனக்கும் பாதி நாள் அதுதான்.

சேலைக்கு வருகிறேன். மூட்டை மாதிரி ஆவதற்குக் காரணம் கொசுவமும் முந்தானையும் ஸ்வெட்டருக்கு அடியில் சுருண்டுகொள்வது. வரிசையை மாற்றுங்கள். ரவிக்கைக்குப் பதிலாக உடம்போடு ஒட்டிய முழுக்கை உல்லன் பிளவுஸ், பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், அதன்மேல் சேலை. முந்தானை எல்லாவற்றுக்கும் மேலே தெரியட்டும். கஞ்சி போட்ட காட்டன் சேலையைக் கோடை வரை பெட்டியில் வைத்துவிடுங்கள். அது உடம்பைவிட்டு விறைத்து நிற்கும், இடையில் காற்று போகும். பட்டும் சில்க் காட்டனும் ஒட்டிக்கொள்ளும். வெளியே போகும்போது ஜெர்கினைவிடச் சால்வை நன்றாக இருக்கும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் பூவேலை செய்த சால்வை ஒன்று வாங்குங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை, எந்தச் சேலைக்கும் எடுக்கும். பிள்ளைகளுக்கு அவ்வளவு செலவு வேண்டாம், அடுத்த வருஷம் வளர்ந்துவிடுவார்கள். தாவரவியல் பூங்காப் பக்கத்துத் திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி வாங்குங்கள். டூரிஸ்ட்டை எங்கள் ஊரில் காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம்: தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மப்ளர், காலில் ரப்பர் செருப்பு. பகலில் போட்ட சாக்ஸ் வேர்வையில் லேசாக நனைந்திருக்கும், படுக்கும் முன் அதைக் கழற்றிக் காய்ந்த ஜோடி மாட்டுங்கள். பாதிக் குளிர் அங்கேயே போய்விடும்.

கடைசியாக அப்பாவின் தீபாவளி மலர்கள். வெள்ளை பூத்திருப்பது பூஞ்சை. முதலில் அவற்றை மற்ற புத்தகங்களிடமிருந்து பிரியுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் ஓரங்களைத் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சைக்குத் தண்ணீர் வார்த்த மாதிரி. உள்ளே ஈரம் இருக்கும்போதே தட்டினாலும் பூஞ்சை தாளில் இழுபட்டுக் கறையாகும், ஆகவே முதல் நாள் காயவிட்டு மறுநாள் தட்டுவது நல்லது. பக்கங்களை விசிறி மாதிரி விரித்து, நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். நேர்வெயில் வேண்டாம், பழைய தாள் பழுத்து ஒடியும். வழவழப் படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், படம் கையோடு வந்துவிடும். வாடை போக, மூடியுள்ள டப்பாவின் அடியில் ஒரு கிண்ணம் கரித்துண்டு வைத்து, மேலே ஒரு தட்டு போட்டு, அதன்மேல் புத்தகங்களை ஒரு வாரம் வையுங்கள். ஓனர் சொன்ன கரிக்கு வீட்டுக்குள் இந்த ஒரு வேலைதான்.

அலமாரி உட்சுவர்ப் பக்கம் இருக்கட்டும். சுவருக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, புத்தகங்களுக்கு நடுவேயும் விரல் நுழைகிற இடம். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டை வலைத்துணியில் முடிந்து போடலாம். கம்பளி பெட்டிக்கும் அதுவே ஆகும்.

இவ்வளவு செய்தும் மலர்களில் கொஞ்சம் வாடை மிஞ்சத்தான் செய்யும். மேசைமேல் வைத்துப் படியுங்கள், படுக்கையில் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு வேண்டாம். சின்னவனுக்குச் சளி, இளைப்பு இருந்தால் அவன் கையில் கொடுக்காதீர்கள். மற்றபடி பதினோரு மணி, திறந்த ஜன்னல், வெயில் விழுகிற நாற்காலி. போர்வைகள் காய்கிற ஒரு மணி நேரத்தில் ஒரு சிறுகதை முடிந்துவிடும்.