கேள்வி-பதில்: முக்கால் கிலோ என்றால் தராசில் எவ்வளவு?

கேள்வி: கறிக்கடையில் முக்கால் கிலோ கேட்டேன். தராசில் 0.705 என்று வந்தது. ‘ஏழு தாண்டிருச்சு, முக்கால்தான்’ என்று பணம் வாங்கிக்கொண்டார். சரியா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சரியில்லை. முக்கால் என்பது நாலில் மூன்று. மூன்றை நாலால் வகுத்தால் 0.75, தராசில் அது 0.750 என்று வர வேண்டும். உங்களுக்கு 45 கிராம் குறைவு. கிலோ 900 ரூபாய் என்றால் 40 ரூபாய் 50 காசு போய்விட்டது. 705 கிராமுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் தப்பில்லை. முக்கால் கிலோவுக்கு வாங்கியிருந்தால் அங்கேயே நின்று மீதிக் கறியைக் கேளுங்கள். கால் 0.250, அரை 0.500, அரைக்கால் 0.125. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கறியை வைப்பதற்கு முன்பு தராசில் 0.000 இருக்கிறதா என்றும் பாருங்கள். இதே கடையில் இது தொடர்ந்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது அவர்கள்தான்.

கேள்வி: 1/8-ஐ தசமத்தில் எப்படி மாற்றுவது? (மதுரை)

பதில்: கால்குலேட்டரில் 1-ஐ 8-ஆல் வகுங்கள், 0.125 வரும். எந்தப் பின்னமானாலும் மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் போதும்.

கேள்வி: மூன்று சட்டை எடுத்தால் ஒன்று இலவசம் என்றார்கள். 33 சதவீதம் தள்ளுபடி என்று நினைத்து நாலு எடுத்தேன். நண்பர் 25தான் என்கிறார். (சேலம்)

பதில்: நண்பர் சொல்வது சரி. கையில் இருப்பது நாலு சட்டை, அதில் ஒன்று இலவசம். 1-ஐ 4-ஆல் வகுத்தால் 0.25. உங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சட்டை என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு நாலு? கடைக்காரர் பொய் சொல்லவில்லை, இதில் நான் செய்ய ஒன்றும் இல்லை.

கேள்வி: கிரானைட் பில்லில் 5 அடி 6 இஞ்சை 5.6 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (ஓசூர்)

பதில்: ஒன்றே இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நூறு தடவை சொல்லவும் தயார். அடிக்கு 12 இஞ்ச். 6 இஞ்ச் என்பது 12-இல் 6, அதாவது அரை அடி. அப்படியானால் 5.5தான். 5.6 என்று எழுதினால் ஒரு இஞ்சுக்கும் மேல் சேர்த்துப் பணம் வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

நானும் ஏமாந்திருக்கிறேன். வீடு கட்டும்போது சமையல் மேடைக்கு ஒரு கல் வாங்கினேன். நீளம் 8 அடி 9 இஞ்ச், அகலம் 2 அடி 6 இஞ்ச். பில்லில் 8.9 பெருக்கல் 2.6, 23.14 சதுர அடி என்று இருந்தது. பார்க்காமல் பணம் கட்டினேன். சரியான கணக்கு 8.75 பெருக்கல் 2.5, 21.875 சதுர அடி. சதுர அடி 200 ரூபாய், அந்த ஒரு கல்லிலேயே 253 ரூபாய் அதிகம். படிக்கட்டு, ஜன்னல் கட்டை எல்லாவற்றுக்கும் இதே முறையில்தான் பில் போட்டிருந்தார்கள். திரும்பப் போய்க் கேட்டபோது ‘எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்’ என்றார்கள். பணம் போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாரிடமும் வாங்கியிருக்கிறார்கள்!

நாம் வாயால் பின்னத்தில் கேட்கிறோம், பில் தசமத்தில் வருகிறது. நடுவில்தான் பணம் போகிறது. 3 இஞ்ச் .25, 4 இஞ்ச் .33, 6 இஞ்ச் .5, 8 இஞ்ச் .67, 9 இஞ்ச் .75. இவற்றில் நாலும் எட்டும் மட்டும் ஏன் முடியாமல் நீள்கின்றன என்றால், 12-க்குள் ஒரு 3 இருக்கிறது; மேலே 3, 6, 9 இருந்தால் அது அடிபட்டுவிடும், 4, 8 இருந்தால் அப்படியே நிற்கும். நம் பழைய கணக்கில் மாகாணி 16-இல் ஒன்று, 0.0625. மா 20-இல் ஒன்று, 0.05. முந்திரி 320-இல் ஒன்று, 0.003125. கீழே இருக்கும் 16, 20, 320 எல்லாம் இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பெருக்கி வருபவை என்பதால் இவை எல்லாம் மிச்சமில்லாமல் முடிந்துவிடும்.

கல் இன்னும் வண்டியில் ஏறவில்லை என்றால் பில்லைத் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 22 காரட் விலையில் ஒரு பவுன் சங்கிலி வாங்கினேன். அடகு வைக்கப் போனபோது 750 முத்திரை இருக்கிறது என்றார்கள். படிக்காத நான் ஏமாந்துவிட்டேன். (வாசகி, தென்காசி)

பதில்: படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா, படித்தவர்களும் அந்த முத்திரையைப் பார்ப்பதில்லை. சுத்தத் தங்கம் என்பது 24 காரட். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.9166, அதனால்தான் 22 காரட்டுக்கு 916 என்று முத்திரை. 18-ஐ 24-ஆல் வகுத்தால் 0.75, அது 750. உங்கள் 8 கிராமில் சுத்தத் தங்கம் 6 கிராம்தான். 22 காரட்டாக இருந்தால் 7.33 கிராம் இருந்திருக்கும்.

பில்லில் 22 காரட் என்று எழுதியிருந்தால் உங்கள் கை பலமானது. முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறு எழுத்து எண்ணை, நகை முத்திரையைக் கவனிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் தரம் தெரியும், யாராவது இளையவர்களை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதுவரை ‘மாற்றித் தருகிறோம்’ என்று யார் கேட்டாலும் சங்கிலியையும் அசல் பில்லையும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.