ஒட்டுக்கேட்பு உத்தரவைக் கேட்டால் ஒற்றை வரியில் மறுக்கிறார்களே?

கேள்வி: குவாரிக்கு எதிரான போராட்டத்தில் முன்னால் நின்றேன். நண்பரிடம் போனில் மட்டும் சொன்னதை, மறுநாள் ஒரு காவலர் என்னிடமே திருப்பிச் சொன்னார். என் போனை ஒட்டுக்கேட்க உத்தரவு உண்டா என்று ஆர்.டி.ஐ. போட்டேன். "பிரிவு 8(1)(ஏ)-ன்படி தர இயலாது" என ஒரே வரி. முதல் மேல்முறையீட்டிலும் அதே வரி. ஐந்து மாதம் போய்விட்டது. என்ன செய்வது?
- தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அவர்கள் காட்டிய 8(1)(ஏ), நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகத் தகவலை மறுக்க இடம் தரும் பிரிவு. ஆனால் மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) பிரிவு 7(8). மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் தகவல் அலுவலர் தலையில்தான், பிரிவு 19(5). முதல் மேல்முறையீட்டு உத்தரவு கைக்கு வந்து 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போட்டுவிடுங்கள்.

ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை ஆர்.டி.ஐ.யில் தர வேண்டியதில்லை என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொல்லிவிட்டது. அதைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள். எனவே தனியாக இன்னொரு மனு போடுங்கள்: உள்துறை ஆண்டுக்கு எத்தனை உத்தரவு போட்டது, தலைமைச் செயலாளர் தலைமையிலான மறுஆய்வுக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனையை ரத்து செய்தது? எண்ணிக்கையைச் சொன்னால் நாட்டின் பாதுகாப்பு கெடாது. மாதம் 7,500 முதல் 9,000 உத்தரவுகள் என்று மத்திய உள்துறையே முன்பு ஆர்.டி.ஐ.யில் பதில் தந்திருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை வேறு. அலுவல் தேவை இருந்தால் ஒழிய, இந்தக் கோப்புகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட விதியே இருக்கிறது. நீங்கள் மேல்முறையீடு மேல்முறையீடாக ஏறி இறங்கும்போது அங்கே காகிதமே இல்லாமல் போகலாம். இந்த வாரமே உள்துறைச் செயலாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள்: என் எண் தொடர்பான கோப்பு இருந்தால் அழிக்கக் கூடாது, வழக்குத் தொடரப் போகிறேன் என்று. ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து மதுரைக் கிளையில் ரிட் மனு. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 2011-ல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவையே ரத்து செய்தது. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லை, மறுஆய்வுக் குழு முன் வைக்கவும் இல்லை என்பது காரணம். அந்த மனுதாரர் எதிர்த்தது கண்முன் இருந்த ஓர் உத்தரவை. உங்களிடம் அது இல்லை. அந்தக் காவலரின் பேச்சுதான் இருக்கிறது. அவர் எந்தத் தேதியில், எங்கே நின்று, எந்த வார்த்தைகளில் சொன்னார் என்பதை இன்றே எழுதி வையுங்கள். போனில் உங்களோடு பேசிய நண்பரும் தனியாகப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டியிருக்கும். அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள், நேரில்.