சவேரியார் திருவிழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவது குறித்து

அன்புச் சகோதரருக்கு வணக்கம். 2026-இல் டிசம்பர் 3 வியாழக்கிழமையாக வருவதால், பங்குப் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவிழாத் திருப்பலியை அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றும்படி பங்குப் பேரவை கேட்டதாகவும், பங்குத்தந்தை மறுத்துவிட்டதாகவும் வருத்தத்துடன் எழுதியிருந்தீர்கள். மக்களின் ஆதங்கம் நியாயமானது. ஆயினும் பங்குத்தந்தை சொல்வதே சரி.

ஆலயத்தின் பாதுகாவலர் நாள் அந்த ஆலயத்திற்குப் பெருவிழா, அதாவது வழிபாட்டில் மிக உயர்ந்த நிலை விழா. திருவருகை, தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்தில் வருமானால் (ஜூன் 13 அந்தோணியார் திருவிழாவைப் போல) மேய்ப்புப்பணி நலன் கருதி அதை ஞாயிறன்று கொண்டாட இடமுண்டு. ஆனால் டிசம்பர் 6, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. அக்காலத்து ஞாயிறுகள் எந்தப் பெருவிழாவுக்கும் வழிவிடுவதில்லை. டிசம்பர் 3 ஞாயிறாகவே அமைந்த 2023-இல்கூட, பெருவிழாத் திருப்பலிக்குரிய நாள் மறுநாள் திங்கள்தான்.

எனவே வியாழன் மாலை, வேலை முடிந்து வருவோருக்கு ஏற்ற நேரத்தில், வெண்ணிறத் திருவுடையுடன் பெருவிழாத் திருப்பலியை வையுங்கள். சப்பரப் பவனியையும் அசன விருந்தையும் ஞாயிறு மாலைக்குத் தள்ளுவதற்குத் தடையில்லை. சப்பரத்தில் உப்பும் மிளகும் இட்டு நேர்ச்சை செலுத்தும் முதியவர்களும் அன்று பிள்ளைகளின் துணையோடு வர இயலும். நாகர்கோவில் கோட்டாற்றிலுள்ள சவேரியார் பேராலயத்தில் செய்வதுபோல நவம்பர் 24 அன்றே கொடியேற்றி, ஒவ்வொரு நாள் மாலையையும் ஓர் அன்பியத்திடம் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) ஒப்படைத்தால், வியாழனன்று வர முடியாதவர்களுக்கும் திருவிழாவில் பங்கு கிடைக்கும். பேரவைக் கூட்டத்திற்கு முன்பே பங்குத்தந்தையிடம் இதைத் தனியாகப் பேசிவிடுங்கள்.