விக்கலுக்கு பீரோ சாவி வைத்தியம்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். ஞாயிறு இரவு தொடங்கிய விக்கல் இன்று புதன் காலை வரை நிற்கவில்லை. தூக்கத்திலும் வருகிறது. அத்தை ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டார். தம்பி, "அப்பா, பீரோ சாவியத் தொலைச்சிட்டேன்" என்று பொய் சொல்லி அதிர்ச்சி கொடுத்தான். திட்டு விழுந்தது, விக்கல் போகவில்லை. யாரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: அடுத்து ஆட்டோ கூப்பிடலாம். மீதியைப் போகிற வழியில் படியுங்கள்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் வெடுக்கென்று இழுக்கிறது, காற்று உள்ளே பாய்கிறது, உடனே குரல்வளை மூடிக்கொள்கிறது. அந்த மூடலின் சத்தம்தான் விக்கல். இந்த வேலையில் பங்குள்ள வேகஸ் நரம்பு மூளையிலிருந்து இறங்கி தொண்டை, நெஞ்சு, வயிறு என்று ஊரெல்லாம் சுற்றுகிற ஆசாமி. மூச்சை அடக்குவது, குளிர்ந்த தண்ணீர் குடிப்பது எல்லாம் அவரைக் கொஞ்சம் சீண்டி, கவனத்தைத் திருப்பும் முயற்சிகள்.

அத்தையை யாரும் கேலி செய்ய வேண்டாம். 1971இல் ஒரு பெரிய அமெரிக்க மருத்துவ இதழிலேயே இந்தச் சர்க்கரை வைத்தியம் வந்திருக்கிறது: 20 பேருக்குக் கொடுத்து, 19 பேருக்கு விக்கல் நின்றது. சர்க்கரை கொடுக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேருக்குத் தானாக நின்றிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். உங்கள் அப்பாவுக்கு இனி அந்தக் கரண்டி வேண்டாம்.

பிரான்சிஸ் ஃபெஸ்மயர் என்ற அமெரிக்க மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே, சரியாகச் சொன்னால் கீழே, போனார். மூன்று நாள் விக்கலோடு வந்தவருக்கு வேறு எதுவும் பலிக்காமல், ஆசனவாயில் விரலை விட்டுத் தடவி நிறுத்தியதாக 1988இல் எழுதினார். 2006இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு அது. தயவுசெய்து இதைத் தம்பியிடம் சொல்லாதீர்கள்.

பாட்டிக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் அயோவாவில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922இல் தொடங்கிய விக்கல் 1990இல்தான் நின்றது. 68 வருடம் ஓயாமல் அவரை நினைத்த அந்த நல்ல ஆத்மா யாரோ!

சரி, இப்போது அப்பாவுக்கு வருவோம். அவசரமாகச் சாப்பிட்டு வருகிற விக்கல் பெரும்பாலும் சில நிமிடங்களில் போய்விடும். 48 மணி நேரம் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். தூக்கத்திலும் விடாதது, சர்க்கரை நோய், இந்த வயது, மூன்றும் சேர்ந்திருப்பதால்தான் ஆட்டோ என்றேன். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலி இல்லாமலே வரும். விக்கல் அதன் அறிகுறியாக இருப்பது அபூர்வம், ஆனாலும் ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது. கூடவே ரத்தத்தில் சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். வெறும் அமிலத் தொல்லையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் எனக்கும் சந்தோஷமே. பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, நெஞ்சு இறுகினாலோ ஆட்டோ வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் விக்கல் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். விக்கலுக்குக் கொடுக்கும் பாக்லோஃபென் சிறுநீர் வழியாக வெளியேறுவது. சிறுநீரகம் சரியில்லாதவருக்கு அது உடம்பிலேயே தங்கி, ஆளைக் குழப்பத்திலும் தூக்கத்திலும் தள்ளிவிடும். இன்னொரு விக்கல் மருந்தான குளோர்புரோமசின் ரத்த அழுத்தத்தை இறக்கும்.

அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளும் வேண்டும். கிரியேட்டினின் முன்பு எவ்வளவு இருந்தது என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார். அவை பீரோவில்தான் இருக்கும். தம்பியிடம் சாவியைக் கேளுங்கள்.