மகளுக்குத் தெரியாத குளிசை

கேள்வி: நானும் கணவரும் கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறோம். எனக்கு 64 வயது, அவருக்கு 69. தொழிற்சாலையில் பல வருடங்கள் இரவு வேலை செய்து ஓய்வுபெற்ற அவருக்கு, ஒரு பனிக்காலத்தையாவது புளோரிடாவில் கழிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இந்தக் கோடையில் பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கக்கூடிய வீட்டு வாகனம்) ஒன்றை வாங்கினோம். டிசம்பர் 27ஆம் திகதி புறப்பட்டு ஏப்ரல் நடுப்பகுதியில் திரும்புவதாக முடிவு செய்து, சென்ற மாதம்தான் மகளிடம் சொன்னோம். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பாடசாலையிலிருந்து கூட்டிவந்து, மாலைச் சாப்பாடு கொடுத்து வைத்திருப்பவள் நான்தான். நவம்பர் 5ஆம் திகதி இவருடைய இரத்த அழுத்தக் குளிசையை வைத்தியர் மாற்றினார். முதல் கிழமை எழும்பும்போது சிறிது தலை சுற்றியது, இப்போது சுகமாக இருக்கிறார். மகளுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையே சாட்டாக வைத்து மறித்துவிடுவாள். பயணக் காப்புறுதியை இவரே இணையத்தில் எடுத்துவிட்டார். வாகனத்தையும் இவரே ஓட்டுவார், எனக்குக் கார்தான் பழக்கம். மகளை எப்படிச் சமாதானப்படுத்துவது? கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுபோகலாமா?

பதில்: மகளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்ற கேள்வி பனிக்காலம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்கிறது. சிலர் புளோரிடாவுக்குப் போகிறார்கள், சிலர் யாழ்ப்பாணத்துக்குப் போகிறார்கள், பின்னால் கோபித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பிள்ளையாக இருக்கிறது. என் பதிலும் மாறுவதில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நீங்கள் மனமுவந்து செய்யும் உதவி. அது உங்கள் தலையில் எழுதப்பட்ட வேலை அல்ல. உங்கள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதோடு அந்தக் கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் உதவியை நிறுத்துகிறவருக்கும் ஒரு முறை உண்டு. பாடசாலை நேரத்துக்குப் பிந்திய பராமரிப்பு நிலையங்களில் இடம் கிடைப்பது எளிதல்ல என்று தெரிந்திருந்தும், கோடையில் வாங்கிய வாகனத்தைப் பற்றி மார்கழிக்கு முந்திய மாதத்தில் அவளிடம் சொன்னது தவறு. அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அதற்கு மேலும் அவள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தால், அது அவளாகவே இறக்கிவைக்க வேண்டிய பாரம்.

நான் இரண்டாம் தரம் வாசித்தது வேறொரு வரியை. குளிசை மாறியதையும், தலை சுற்றியதையும், மகளுக்குச் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் ஒரே மூச்சில், காப்புறுதிக்கும் சாரதிக்கும் முன்னால், போகிற போக்கில் எழுதிவிட்டுக் கறிவேப்பிலைக்குப் போய்விட்டீர்கள். சகோதரி, உங்கள் கடிதத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது, அதை மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

மகளுக்குச் சொல்லவில்லை, சரி. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொன்னீர்களா? விண்ணப்பத்தை அவரே இணையத்தில் நிரப்பினார் என்கிறீர்கள். அந்த வயதினருக்குரிய மருத்துவக் கேள்விகளில், அண்மைய மாதங்களில் மருந்தில் ஏதேனும் மாற்றம் உண்டா என்பது அநேகமாக எப்போதும் இருக்கும். அந்த இடத்தில் அவர் என்ன பதில் கொடுத்தார் என்று நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றே ஊகிக்கிறேன், பார்த்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பயணக் காப்புறுதி பணம் கொடுக்க வேண்டுமானால், புறப்படும் நாளுக்கு முன் ஒரு குறிப்பிட்ட காலம் அந்த நோய் மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் அந்தக் காலம் 90 நாள். வயது கூடியவர்களுக்கு 180 நாள் என்று வைத்திருப்பவையும் உண்டு. நிலையாக இருப்பது என்று நிறுவனம் எழுதிவைத்திருப்பதும், சுகமாக இருக்கிறார் என்று நீங்கள் எழுதுவதும் ஒன்றல்ல. புதிய குளிசை தொடங்கினாலும், பழையதை நிறுத்தினாலும், அளவைக் கூட்டினாலும், ஏன், நன்றாக இருக்கிறார் என்பதற்காக வைத்தியர் அளவைக் குறைத்தாலும்கூட, அநேகமான ஒப்பந்தங்களில் அது மாற்றமாகவே கணக்கிடப்படும். நவம்பர் 5ஆம் திகதிக்கும் டிசம்பர் 27ஆம் திகதிக்கும் இடையில் இருப்பவை 52 நாட்கள். நிபந்தனை 90 நாளாக இருந்தாலே, அவருடைய இரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள எதற்கும், அது மாரடைப்பாக இருந்தாலும் பக்கவாதமாக இருந்தாலும், கையில் இருக்கும் அந்தக் காகிதத்துக்குப் பெறுமதி இல்லாமல் போகலாம். கேள்விக்கே பிழையான பதில் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒப்பந்தம் முழுவதையுமே செல்லாது என்று சொல்ல நிறுவனத்துக்கு வழி பிறந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் நினைத்திருந்தால், பெரிய தொகை கேட்டு விண்ணப்பம் வந்தவுடன் நிறுவனம் முதலில் செய்வது குடும்ப வைத்தியரிடமிருந்து மருத்துவக் குறிப்புகளை வரவழைப்பதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள். நவம்பர் 5 அங்கே எழுதப்பட்டிருக்கும்.

ஒன்ராறியோ அரசின் மருத்துவத் திட்டம் இருக்கிறதே என்று ஒருவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். வெளிநாட்டில் அவசரமாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் அது கொடுப்பது, தீவிர சிகிச்சையாக இருந்தாலும், நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு நாள் செலவு அதைப் போல் பல மடங்கு. நோயாளியைத் தாதியோடு வான் வழியே ரொறொன்ரோவுக்குக் கொண்டுவருவதற்குப் பல்லாயிரம் டொலர் தனியாக வேண்டும். இரவு வேலை செய்து கட்டி முடித்த வீட்டை மறுபடியும் அடகு வைக்கும் அளவுக்கு இது வளரக்கூடிய கணக்கு.

இனி மகளிடம் வருகிறேன். ஜோர்ஜியாவில் ஏதோ ஒரு சிற்றூர் வைத்தியசாலையில் இவர் படுத்திருக்கும்போது, இரவு இரண்டு மணிக்கு நீங்கள் யாரை அழைப்பீர்கள்? காப்புறுதி நிறுவனத்தோடு ஆங்கிலத்தில் வாதாடப் போவது யார்? இரண்டு பிள்ளைகளையும் அயல் வீட்டில் விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் ஏறப் போவது யார்? எந்தக் குளிசை, எப்போது மாறியது என்று அங்குள்ள வைத்தியர் தொலைபேசியில் கேட்டால், தகப்பனுக்குக் குளிசை மாறியதையே அறியாத பிள்ளை என்ன பதில் சொல்வாள்? உங்கள் பயணத்தின் சுமை விழப்போகிற தோளுக்கு, அப்படி ஒரு சுமை இருப்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பெற்றோர் பிள்ளைகளிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அனுமதி கேட்காமல் இருப்பது வேறு, உண்மையைச் சொல்லாமல் இருப்பது வேறு. முதுமையில் நாம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் பராமரிப்புக்கு ஈடாக நம்மால் கொடுக்கக்கூடியது அநேகமாக இது ஒன்றுதான்: நம் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் வைத்திருப்பது. அதையும் கொடுக்க மனமில்லாதவர்கள் பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று குறைப்படக் கூடாது.

நீங்கள் இல்லாத மாதங்களில் வீட்டுச் சாவியை மகளிடம்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பனிக்காலத்தில் ஆளில்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால், யாராவது ஒழுங்காக வந்து பார்த்திருக்க வேண்டும், இல்லையேல் பிரதான குழாயை மூடித் தண்ணீரை வடித்திருக்க வேண்டும் என்று வீட்டுக் காப்புறுதியில் நிபந்தனை இருப்பது வழக்கம். அந்தக் காவலுக்கு அவளை நம்புகிறீர்கள், தகப்பனின் குளிசைக்கு நம்பவில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். இந்த மௌனத்தை உங்கள் கணவர் கேட்டாரா, நீங்களாகவே கொடுத்தீர்களா? நம் தலைமுறைப் பெண்கள் பலருக்குக் கணவனின் ஆசையைக் காப்பாற்றுவதும் கணவனைக் காப்பாற்றுவதும் ஒன்றாகத் தெரிகிறது. அந்த மனிதர் பல வருடம் பனியில் இரவு வேலைக்குப் போய் வந்தவர், அவருக்கு ஒரு வெயில் காலம் கிடைக்கத்தான் வேண்டும். நான் அவருடைய ஆசைக்கு எதிரி அல்ல. ஆனால் மனைவியின் கடமை தலையாட்டுவதோடு முடியும் என்று நான் ஒருபோதும் எழுதியதில்லை. தலை சுற்றியதைக் கண்ணால் கண்டவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் வாயை மூடிக்கொண்டால் அவருக்கு இந்த உலகத்தில் சாட்சியே இல்லை.

வாகனத்தை அவர் ஒருவரே ஓட்டுவார் என்பதும் இதே மௌனத்தின் மறுபக்கம். விண்ட்சரில் எல்லையைக் கடந்து 75ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜோர்ஜியா வழியாகப் போவதென்றால் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். கென்டக்கியிலிருந்து டென்னசிக்குள் நுழையும் இடத்தில் ஜெலிக்கோ மலைப்பகுதி வரும். நீண்ட ஏற்றம், நீண்ட இறக்கம், பனிக்காலத்தில் மூடுபனியும் வழுக்கலும். இரத்த அழுத்தக் குளிசை புதிதாக மாறியவருக்குத் தலை இலேசாகச் சுழல்வது எங்கும் நடக்கக்கூடியது. அங்கே நடந்தால், பக்கத்தில் வரைபடத்தோடு இருக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்? காருக்கு நீங்கள் வைத்திருக்கும் அனுமதிப்பத்திரம் ஒன்ராறியோவின் ஜி வகை என்றால், 11,000 கிலோகிராம் வரையுள்ள மோட்டார் ஹோமை ஓட்டச் சட்டம் உங்களுக்கு இடம் கொடுக்கிறது. கொடுக்காதது உங்கள் பயம்தான், அதற்கு மருந்து பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறுமையான தரிப்பிடம் ஒன்றில் தொடங்குங்கள். வளைவில் பின்புறம் எவ்வளவு வெளியே வீசுகிறது, நிறுத்துவதற்குக் காரைவிட எவ்வளவு தூரம் கூடத் தேவைப்படுகிறது, கண்ணாடியில் எது தெரிவதில்லை என்பவற்றைக் கற்றுக்கொண்டு, பிறகு நெடுஞ்சாலைக்குப் போங்கள். கணவர் பக்கத்தில் இருந்து கத்துகிறவர் என்றால் பணம் கொடுத்துப் பயிற்றுநர் ஒருவரிடம் பழகுங்கள்.

டிசம்பர் 27 வேண்டாம். முதலில் காப்புறுதி ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, நிலையாக இருக்க வேண்டிய காலம் எத்தனை நாள் என்று இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பிறகு நிறுவனத்தை அழைத்து, குளிசை மாறிய திகதியைச் சொல்லி, பதிலை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தில் பிழை இருந்தால் புறப்படுமுன் திருத்துவதற்கு இடமுண்டு, புறப்பட்டபின் இல்லை. கூடுதல் கட்டணத்துக்குக் குறுகிய காலத்தை ஏற்கும் திட்டங்களும் சில நிறுவனங்களில் உண்டு, அதையும் விசாரியுங்கள். இரத்த அழுத்தத்தைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றுக்கும் காப்பு என்று யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த இரத்த அழுத்தத்துக்குத்தான். நிபந்தனை 90 நாளாக இருந்தால் பெப்ரவரி 3ஆம் திகதியோடு அது நிறைவேறுகிறது. இடையில் வைத்தியர் மறுபடியும் குளிசையைத் தொட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும், ஆகவே சில நாள் தள்ளிப் பெப்ரவரி நடுப்பகுதியில் புறப்பட்டு ஏப்ரல் நடுப்பகுதியில் வாருங்கள். இரண்டு மாதம் கிடைக்கும். அதற்குள் மகளும் பிள்ளைகளுக்கு ஒழுங்கு செய்துவிடுவாள். வாகனம் நிறுத்தும் இடங்களுக்குக் கட்டிய முற்பணத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். எப்போது புறப்பட்டாலும், வாகனத்தின் தண்ணீர்க் குழாய்களில் உறையாமலிருக்க விட்ட திரவத்தை உறைகுளிர் தாண்டும் வரை எடுக்க முடியாது, முதல் இரண்டு மூன்று நாளுக்குக் குடங்களில்தான் தண்ணீர்.

கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுபோக வேண்டாம். அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோடை மரங்களை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் வாழும். 2005ஆம் ஆண்டில் புளோரிடாவில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அங்குள்ள தோடந்தோட்டங்கள் பெரும்பகுதி அழிந்துவிட்டன, எல்லையில் அதிகாரிகள் இலையைக்கூட விடமாட்டார்கள். அரைத்த தூளோடு சமாளியுங்கள்.

நிபந்தனை 180 நாள் என்று வந்தால் இந்தப் பனிக்காலத்தில் புளோரிடா இல்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள், மகள் அல்ல. வாங்கிய வாகனம் வீணாகாது: மே மாதத்தில் ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களான பைனரிக்கோ அல்கொங்குயினுக்கோ கொண்டுபோய் இரவு தங்குங்கள், மாகாணத்துக்குள் இருக்கும்வரை அரசின் மருத்துவத் திட்டம் கூடவே வரும், நீங்களும் ஓட்டிப் பழகலாம். அடுத்த டிசம்பரில் போகலாம். ஆனால் மகளிடம் குளிசையைப் பற்றிச் சொல்வதற்கு மேயும் வேண்டாம், டிசம்பரும் வேண்டாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் அன்றே அவளை வீட்டுக்கு அழைத்து, அவரையும் பக்கத்தில் இருத்தி, மருந்தின் பெயரையும் அளவையும் வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். அவள் சத்தம் போடுவாள். போடட்டும், இருந்து கேளுங்கள்.